நெருப்புக்கோழி முட்டை: கேட்டதும் சொன்னதும்

நெருப்புக்கோழிப் பண்ணையில் குஞ்சு பொரிக்கும் அறைதான் பதினொரு வருடம் என் வேலையிடம். அந்த முட்டைகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, 24 கோழி முட்டைக்குச் சமம் என்கிறார்களே, உண்மையா? கையில் எடுத்தால் எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட உண்மைதான். சராசரி எடை 1.4 கிலோ, நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் 13. 2008இல் ஸ்வீடனில் ஒரு பண்ணையில் 2.589 கிலோவுக்கு ஒரு முட்டை கிடைத்தது, சாதனைக் கணக்கில் அதுதான் பெரியது. ஒரு கையால் எடுக்க முயலாதீர்கள், விரல்கள் சுற்றி வராது. ஓடு பீங்கான் மாதிரி மினுமினுப்பாக இருக்கும், ஆனால் விரலை மெதுவாக ஓட்டினால் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். அந்தக் குழிகளை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்ப வரும்.

கேள்வி: பெரிய முட்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவன் "இல்லை டீச்சர், அதுதான் சின்ன முட்டை" என்றான். என்ன சொல்வது?

அவனைப் பாராட்டுங்கள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நூறு கிலோ எடையுள்ள பெட்டை 1.4 கிலோவுக்கு முட்டையிடுகிறது, அதாவது உடல் எடையில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. நியூசிலாந்தின் கிவிப் பறவையோ தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கனமான முட்டையைச் சுமக்கிறது. உடலோடு ஒப்பிட்டால் பறவைகளிலேயே மிகச் சிறிய முட்டைகளில் ஒன்று நெருப்புக்கோழியுடையதுதான். "உலகிலேயே பெரியது" என்று சொல்லும்போது "இன்று உயிரோடு உள்ள பறவைகளில்" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மடகாஸ்கரில் அழிந்துபோன யானைப்பறவையின் முட்டை ஓர் அடி நீளம் இருந்தது.

கேள்வி: ஆள் ஏறி நின்றாலும் உடையாது என்கிறார்கள். அப்படியென்றால் உள்ளே இருக்கும் குஞ்சு எப்படித்தான் வெளியே வரும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எல்லாரும் முட்டையின் அளவைப் பார்த்து வியக்கிறார்கள், எனக்கு வியப்பு எப்போதும் அந்த ஓட்டின் மேல்தான். மேலே உட்காருவது நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பறவை, அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். அதே ஓட்டின் வழியாகக் குஞ்சு மூச்சு விட வேண்டும். கடைசியில் அதே குஞ்சு அதை உடைக்கவும் வேண்டும். தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். கொஞ்சம் மெலிந்தால் தாயின் எடைக்கு நொறுங்கும், கொஞ்சம் தடித்தால் குஞ்சு உள்ளேயே செத்துப்போகும்.

வெளியிலிருந்து அழுத்தும்போது வளைந்த ஓடு அந்தப் பாரத்தை எல்லாப் பக்கமும் பகிர்ந்து அனுப்பிவிடுகிறது, கட்டடத்தின் வளைவு வேலை செய்வது போல. உள்ளிருந்து முட்டும்போது அந்த வசதி இல்லை, ஓடு இழுபட்டு விரிசல் விடும். போதாததற்கு, வளரும் குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை ஓட்டின் உட்பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால், பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க ஓடு கொஞ்சம் பலம் குறைகிறது. கோழிக்குஞ்சின் அலகு நுனியில் ஓட்டைக் கீறுவதற்கென்று ஒரு சின்ன முள் இருக்கும் அல்லவா, அது நெருப்புக்கோழிக் குஞ்சுக்குக் கிடையாது. பிடரித் தசையின் பலத்தால் தலையை முட்டியும் காலால் உந்தியும்தான் வெளியே வருகிறது. முதலில் உள்சவ்வைக் கிழித்து, முட்டையின் ஒரு பக்கத்தில் காற்று தேங்கியிருக்கும் காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சிழுக்கத் தொடங்கும், அப்போதே ஓட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். ராத்திரி வேலையில் அந்த அறையின் நிசப்தத்தில் முட்டையைக் காதோடு வைத்து அந்தக் குரலை முதன்முதலில் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: வெட்டவெளியில் பளீரென்று வெள்ளையாக இருந்தால் எல்லா விலங்கும் கண்டுபிடித்துவிடாதா?

கண்டுபிடிக்கத்தான் செய்யும், ஆனால் வெயில் அதைவிடப் பெரிய எதிரி. முழு அடைக்கு உட்காருவதற்கு முன் முட்டைகள் நாள்கணக்கில் திறந்த மண்ணில் கிடக்கின்றன. ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் சில முட்டைகளுக்குப் பழுப்பு வண்ணம் பூசி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளை முட்டையைவிட அவை அதிகமாகச் சூடேறின, உள்ளே கரு தாங்காது. ஒளிந்துகொள்வதா வேகாமல் இருப்பதா என்று வந்தால் வேகாமல் இருப்பதுதான் முக்கியம்.

கேள்வி: ஒரே கூட்டில் பல பெட்டைகள் முட்டையிடுமாமே? அப்போது யார் குஞ்சை யார் வளர்ப்பது?

கூடு என்று சொன்னாலும் அது மண்ணில் சேவல் பறித்த ஆழமில்லாத குழிதான். அதில் ஒரு மூத்த பெட்டை முட்டையிடும், வேறு சில பெட்டைகளும் வந்து இட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது மூத்த பெட்டையும் சேவலும் மட்டுமே. பகலில் சாம்பல்பழுப்பு நிறப் பெட்டை, இரவில் கறுத்த சேவல், இப்படி மாறி மாறி ஆறு வாரம். இருவரில் யார் உட்கார்ந்தாலும் உடலுக்கு அடியில் சுமார் இருபது முட்டைதான் அடங்கும். குழியிலோ முப்பது, நாற்பது கிடக்கலாம்.

இங்கேதான் சுவாரசியம். 1970களில் கென்யாவின் சாவோ பகுதியில் பிரையன் பெர்ட்ராம் என்ற உயிரியலாளர் முட்டைகளுக்கு எண் போட்டுக் கவனித்தார். இடம் போதாதபோது மூத்த பெட்டை மற்றவற்றின் முட்டைகளை வெளியே தள்ளுகிறது, தன்னுடையதை மட்டும் நடுவில் வைத்துக்கொள்கிறது! நமக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், அதற்குத் தெரிகிறது. அளவு, வடிவம், அப்புறம் மேலே சொன்னேனே அந்தச் சின்னக் குழிகள், அவை ஒவ்வொரு பெட்டைக்கும் ஒவ்வொரு மாதிரி அமைந்திருக்கும். பண்ணையில் எங்களாலேயே கொஞ்ச நாள் பழகியபின் "இது அந்தப் பெட்டையுடையது" என்று பல முட்டைகளைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. சரி, பிறகு ஏன் மற்றவற்றை இடவே விடுகிறது? நரியோ கழுதைப்புலியோ வந்தால் முதலில் சிக்குவது ஓரத்தில் கிடக்கும் பிறர் முட்டைதான், நடுவில் இருக்கும் சொந்த முட்டை தப்ப வாய்ப்பு கூடுகிறது. இதைத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் சேர்த்து அடைகாப்பதால் மற்றப் பெட்டைகளின் குஞ்சுகளும் சில பொரிக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும் என்பது?

பொய். குழிக்குள் தலையைத் தாழ்த்தி அலகால் முட்டையைப் புரட்டிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மண்ணுக்குள் போனது போலத் தெரியும். ஆபத்து வந்தால் அடையில் இருக்கும் பறவை கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி: கழுகு கல்லெறிந்து உடைக்கும் என்று படித்தேன், நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். அது மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு. கல்லை அலகால் கவ்வி, கழுத்தை நிமிர்த்தி, முட்டை மேல் ஓங்கிப் போடும். தான்சானியாவில் இதைப் பார்த்து, விலங்கு ஆய்வாளர் ஜேன் குடாலும் காட்டுயிர்ப் படப்பிடிப்பாளர் ஹ்யூகோ வான் லாவிக்கும் 1966இல் எழுதினார்கள். பறவைகள் கருவியைப் பயன்படுத்துவதற்கு நல்ல சாட்சி இது.

கேள்வி: சார், கோழி முட்டைக்கான இன்குபேட்டரில் இதை வைக்கலாமா?

இடம் கொள்ளும் என்றாலும் அப்படியே வைக்காதீர்கள். கோழிக்கு 37.5 டிகிரி என்றால் இதற்கு 36 முதல் 36.5 போதும். அதைவிட முக்கியம் ஈரப்பதம், மிகவும் குறைவாக இருக்க வேண்டும். இது வறண்ட நிலத்துப் பறவையின் முட்டை. 42 நாளில் தன் எடையில் சுமார் 12 முதல் 15 சதவீதத்தைத் தண்ணீராக இழந்தால்தான் குஞ்சு நன்றாகப் பொரிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கோழிக்குஞ்சுப் பழக்கத்தில் தட்டில் தண்ணீர் வைத்துவிட்டேன். வந்த குஞ்சுகள் உடம்பெல்லாம் நீர் கோத்து உப்பிப்போய், கால் ஊன்ற முடியாமல் கிடந்தன. அன்றிலிருந்து வாரம் ஒரு முறை ஒவ்வொரு முட்டையையும் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வதை விட்டதில்லை.

இன்னொன்று, இந்த முட்டை கிட்டத்தட்ட உருண்டை என்பதால் காற்றறை எந்தப் பக்கம் என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் பலமான விளக்கின் மேல் வைத்துப் பாருங்கள், சாதாரண டார்ச் அந்தத் தடித்த ஓட்டை ஊடுருவாது. காற்றறை இருக்கும் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டு அந்தப் பக்கம் மேலே வருமாறு வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போதும் உள்ளே நிழல் எதுவும் தெரியாமல் ஒரே வெளிச்சமாக இருந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சாப்பிட்டிருக்கிறீர்களா? வேக எவ்வளவு நேரம்?

சாப்பிட்டிருக்கிறேன். கோழி முட்டைச் சுவைதான், பெரிய வித்தியாசம் இல்லை. முழுதாக அவிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அவிப்பதைவிடத் துளை போட்டு ஊற்றி எடுப்பது மேல், ஓடும் மிஞ்சும்.

கேள்வி: அந்தக் காலத்தில் மனிதர்கள் இதை எதற்குப் பயன்படுத்தினார்கள்?

தண்ணீர்க் குடமாக. கலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் வெற்று ஓட்டில் தண்ணீர் நிரப்பி, வாயை அடைத்து, வறட்சிக்காக மண்ணில் புதைத்து வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் குகையில் சுமார் 60,000 ஆண்டு பழைய ஓட்டுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, கோடு கோடாக வடிவம் கீறப்பட்டவை. மனிதன் செய்த மிகப் பழைய அலங்காரங்களில் அவையும் சேரும். மகாராஷ்டிரத்தின் பாட்னேயிலும் கீறல் வேலை செய்த ஓடு கிடைத்திருக்கிறது, சுமார் 25,000 ஆண்டு பழையது. ஆமாம், இந்தியாவிலும் நெருப்புக்கோழி நடமாடியது. தான்சானியாவின் லேட்டோலியில் கிடைத்த 38 லட்சம் ஆண்டு பழைய ஓட்டிலிருந்து புரதத் துணுக்குகளையே எடுத்துவிட்டதாக 2016இல் அறிவித்தார்கள். அத்தனை காலம் தன் உள்ளிருப்பைக் காத்து வைத்த ஓடு அது.

கேள்வி: பரிசாக ஒரு வெற்று ஓடு வந்தது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? எப்படிப் பராமரிப்பது?

பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் குழிகளைத் தேடுங்கள். சீராக அச்சு வார்த்தது போல இல்லாமல், ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் விலகியும் இருந்தால் பெரும்பாலும் அசல். துளையின் விளிம்பில் ஓட்டின் தடிமனையும் பார்க்கலாம், உட்புறம் சவ்வு ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தச் சவ்வுதான் பிறகு நாற்றத்துக்கும் காரணம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை உள்ளே விட்டுக் குலுக்கி இரண்டு மூன்று முறை அலசுங்கள், துளை கீழே பார்க்கும்படி ஒரு டம்ளர் மேல் கவிழ்த்து இரண்டு நாள் காயவிடுங்கள்.