686 ரிவால்வரா, குளோக் 19 பிஸ்டலா? வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் ஒரே துப்பாக்கி

கேள்வி: உரிமம் கிடைத்துவிட்டது. வீட்டுப் பாதுகாப்புக்கும் ரேஞ்சில் சுட்டுப் பழகவும் ஒரே ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கப்போகிறேன். நான்கு அங்குலக் குழல் உள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வர் அல்லது 9 மி.மீ. குளோக் 19 பிஸ்டல் என்று முடிவு செய்திருக்கிறேன். என் மனைவியும் பயன்படுத்துவார், அவர் கை சிறியது. வீட்டில் எட்டு வயது மகன் இருக்கிறான். இரண்டில் எது பொருத்தம்?

பதில்: உங்கள் மனைவியால் குளோக்கின் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதியை, தடுமாறாமல் பின்னுக்கு இழுக்க முடிந்தால் குளோக் 19 வாங்குங்கள். சரியான முறையில் முயன்றும் முடியவில்லை என்றால் 686. அப்போதும் அதில் வலு அதிகமான .357 மேக்னம் வேண்டாம், அதே துப்பாக்கியில் போடக்கூடிய, உதைப்புக் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவே போடுங்கள். இரண்டு பேர் கையாளும் துப்பாக்கியை வலுக் குறைந்த கைக்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்ததாக, ரேஞ்சில் பழகுவதும் இக்கட்டான நேரத்தில் செய்ய வேண்டியதும் ஒரே செயலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. குளோக் பக்கம் தராசு சாய்வதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

எட்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் துப்பாக்கி வருவதற்கு முன்பே பெட்டகம் வந்திருக்க வேண்டும். ‘ரிவால்வரின் ட்ரிக்கர் கனமானது, குழந்தையால் இழுக்க முடியாது’ என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். இரண்டு கட்டைவிரலாலும் ஹேமரை (துப்பாக்கியின் பின்னால் உள்ள, விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) பின்னுக்கு இழுத்துவிட்டால், 686-இன் ட்ரிக்கருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தமே போதும். எட்டு வயதுப் பிள்ளையால் அது முடியும். குளோக்கில் வெளியே தனிப் பாதுகாப்பு லீவர் கிடையாது. உள்ளே இருக்கும் பாதுகாப்புகள் துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும், ஆனால் ட்ரிக்கரை யார் முழுதாக அழுத்தினாலும் அது சுடும். பீரோவின் மேல்தட்டு, தலையணைக்கு அடி, பூட்டிய இழுப்பறை எல்லாம் கணக்கில் சேராது. கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில், சுவரிலோ கனமான மரச்சாமானிலோ போல்ட் போட்டு இறுக்கிய, பொத்தான் வரிசை அழுத்தித் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டகம் வேண்டும். அதை இருட்டில் தடவிப் பார்த்தே திறக்க இருவரும் பழகுங்கள். மகன் பார்க்கும்போது அந்த வரிசையை அழுத்தாதீர்கள். மாற்றுச் சாவியை வீட்டில் அவன் கைக்கு எட்டவே எட்டாத இடத்தில் வையுங்கள். துப்பாக்கியை எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சட்டம் சொல்வதையும் படித்துவிடுங்கள்.

இனி துப்பாக்கிகளுக்கு வருவோம். குளோக் 19 என்பது 1988-இல் வந்த, பாலிமர் சட்டகம் கொண்ட பிஸ்டல். காலியாக 600 கிராம் அளவில் இருக்கும், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 15 தோட்டா பிடிக்கும். 686 முழுதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காலியாகவே 1.1 கிலோ, ஆறு தோட்டா. குழல் நீளம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பிஸ்டல் குழலின் அளவில் தோட்டா உட்காரும் சேம்பரும் அடங்கிவிடும். ரிவால்வரில் சேம்பர் சிலிண்டருக்குள் (சுழலும் உருளை) இருப்பதால், குண்டு ஓடும் பாதை அதில் கொஞ்சம் கூடுதல். உங்கள் தேவைக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. ட்ரிக்கர்தான் பெரிது.

686-ஐ இரண்டு விதமாகச் சுடலாம். ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுட்டால் ட்ரிக்கர் இலகு. ஹேமரைத் தொடாமல் நேரே ட்ரிக்கரை இழுத்தால் சுமார் 5 கிலோ அழுத்தம் தேவை. அந்த ஒரே நீண்ட இழுப்பில் சிலிண்டர் சுழல வேண்டும், ஹேமர் எழ வேண்டும், பிறகு விழ வேண்டும். ரேஞ்சுக்குப் போகும் புதியவர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு முறையும் ஹேமரை இழுத்து வைத்துச் சுடுகிறார். துளைகள் அழகாக நெருங்கி விழுகின்றன, மனம் நிறைகிறது. நள்ளிரவில் பதற்றத்தோடு எடுக்கும்போது ஹேமரை இழுத்து வைப்பது ஆபத்து. நடுங்கும் விரல் பட்டாலே வெடித்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் தேவைப்படுவது நீண்ட இழுப்பு. அதைத்தான் அவர் ரேஞ்சில் பழகவே இல்லை. தோட்டாவிலும் இதே கதைதான். உதைப்புக் குறைவு என்று .38-இல் பழகுவார், வீட்டில் .357 நிரப்பி வைப்பார். அது வேறு உதைப்பு, வேறு சத்தம், வேறு துப்பாக்கி என்றே சொல்லலாம். குளோக்கில் முதல் குண்டுக்கும் பதினைந்தாவது குண்டுக்கும் அதே ட்ரிக்கர், சுமார் இரண்டரை கிலோ. பயிற்சித் தோட்டாவுக்கும் பாதுகாப்புத் தோட்டாவுக்கும் உதைப்பில் பெரிய மாற்றம் இருக்காது.

இலக்குக்குக் கீழே குண்டு விழுவதும் பெரும்பாலும் ட்ரிக்கரால்தான். 1.1 கிலோ எடையுள்ள பொருளில் 5 கிலோ இழுத்தால் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும், முன்சைட் (குழல் நுனியில் உள்ள குறிபார்க்கும் முனை) தாழும். இதைத் தோட்டா இல்லாமலே சரிசெய்யலாம். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். குண்டைத் தாங்கக்கூடிய சுவரைக் குறிவைத்து, முன்சைட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து ட்ரிக்கரை இழுங்கள். நாணயம் விழாமல் தொடர்ந்து பத்து முறை இழுக்க முடிந்தால் விரல் பழகிவிட்டது. குளோக்கில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடைச் சிறிது பின்னிழுத்துத்தான் ட்ரிக்கரைத் திரும்ப ஏற்ற முடியும். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை, காலிச் சுடுதல் பயிற்சிக்கு அது வசதி.

மனைவியின் கை அளவைக் கடையிலேயே பார்த்துவிடலாம். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிடித்து, சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை ட்ரிக்கரின் நடுவில் படுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் சிறு கைக்காரர்கள் துப்பாக்கியைக் கைக்குள் சற்றுத் திருப்பிப் பிடித்துச் சமாளிப்பார்கள். அப்போது உதைப்பு உள்ளங்கையில் இறங்காமல் கட்டைவிரல் மூட்டில் வந்து அடிக்கும். இருபது குண்டுக்குள் வலி தெரியும், அதன்பிறகு சுடும் ஆசையே போய்விடும். 686-இல் நீண்ட இழுப்புக்கு ட்ரிக்கர் முன்னே தள்ளி நிற்பதால் இந்தச் சிக்கல் அதிகம். மெல்லிய பிடி மாற்றினால் ஓரளவு தீரும். குளோக்கின் நான்காம், ஐந்தாம் தலைமுறையில் பிடியின் பின்புறத் தகடு கழற்றி மாட்டும் வகை. எதுவும் மாட்டாமல் விட்டால் அதுவே மிகச் சிறிய அளவு.

ஸ்லைடு இழுப்பதில் பெரும்பாலும் குறை வலுவில் இல்லை, முறையில்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொண்டு கிள்ளி இழுத்தால் யாருக்கும் கஷ்டம்தான். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பகுதி மேல் கவிழ்த்து, ஒரு பக்கம் நான்கு விரல்களும் மறுபக்கம் உள்ளங்கை அடியும் இறுகப் பிடிக்க வேண்டும். இடது கையை அசைக்காமல் வலது கையால் துப்பாக்கியை முன்னே தள்ள வேண்டும். ஸ்லைடு பின்னுக்கு வந்ததும் கையைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். கூடவே கொண்டுபோய் மெதுவாக மூடினால் தோட்டா பாதியில் நிற்கும். இப்படிச் செய்யும்போது குழல் இடப்பக்கம் திரும்பிவிடும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, உடம்பைத் திருப்பிக் குழலை எப்போதும் இலக்குப் பக்கமே வைக்க வேண்டும். இந்த முறையில் பத்து தடவை இழுக்கச் சொல்லுங்கள். ஏழாவது, எட்டாவது தடவையில் கை சோர்ந்து நின்றால் ரிவால்வர்தான்.

எது எதில் பழுதாகும்? குளோக்கில் புதியவருக்கு வரும் முதல் கோளாறு, மணிக்கட்டைத் தளர்த்திச் சுடுவதால் வருவது. பாலிமர் சட்டகம் இலேசானது. கை பின்வாங்கினால் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்து நகரும், ஸ்லைடு முழு ஓட்டம் ஓடாது, காலிக் கேஸ் (சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் கூடு) வெளியேறும் வழியில் செங்குத்தாகச் சிக்கும். மேகசினின் அடியை உள்ளங்கையால் தட்டி, ஸ்லைடைப் பலமாக இழுத்துவிட்டால் சரியாகும். அடிக்கடி வந்தால் பிடியைத் திருத்த வேண்டும். பிடி சரியாக இருந்தும் வந்தால் மேகசினைச் சந்தேகியுங்கள். மூன்று மேகசின் வாங்கி அடியில் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். எந்த எண்ணில் கோளாறு வருகிறதோ அதை வீட்டுப் பாதுகாப்பிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். எண்ணெய் அதிகம் போடுவதும் தவறு. குழல், ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள், ட்ரிக்கரோடு இணைந்த பாரின் பின்முனை கனெக்டர் என்ற சிறு தகட்டைத் தொடும் இடம், இவற்றில் ஒவ்வொரு துளி போதும். தோட்டாவை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் ஓடும் பாதை உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் போனால் கரி சேர்ந்து பசையாகும், பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள, அடிபட்டால் பற்றும் பகுதி) அடி மென்மையாக விழும், தோட்டா வெடிக்காது.

குளோக்கைக் கழற்ற ட்ரிக்கரை அழுத்தியே ஆக வேண்டும், விபத்துகள் நடக்கும் இடம் இதுதான். மேகசினை எடுக்காமல் முதலில் ஸ்லைடை இழுத்தால் சேம்பரில் இருந்தது வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறும். அதன்பிறகு மேகசினை எடுத்தாலும் ஒன்று உள்ளேயே இருக்கும். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு சேம்பரில் கண், பிறகு விரல். இந்த வரிசை ஒருபோதும் மாறக்கூடாது.

ரிவால்வரில் கோளாறே வராது என்பது உண்மையல்ல. குறைவாக வரும், வந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாது. எரியாத வெடிமருந்துத் துகள்கள் காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஒட்டினால் சிலிண்டர் இறுகிச் சுழலாது. குழலைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கேஸ்களைத் தள்ளுவதால் வரும் வினை இது. குழலை மேலே நிமிர்த்தி, எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளும் எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால் ஒரே அடி அடித்துத் தள்ளினால் துகள் கீழே கொட்டிவிடும். அந்தக் கம்பியே தளர்ந்து நீண்டாலும் சிலிண்டர் திறக்காமல் நிற்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அது இடப்புற மரை என்பதை நினைவில் வையுங்கள், வழக்கம்போலத் திருகினால் கழன்றுவிடும். .38 கேஸ் .357-ஐவிட மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குட்டை. ஆகவே .38 நிறையச் சுட்டால் சேம்பருக்குள் அதன் வாய் முடியும் இடத்தில் கரி வளையம் படியும். பின்னாளில் .357 போட்டால் கேஸ் அங்கே சிக்கும். பித்தளை பிரஷ்ஷும் கரைப்பானும் போட்டு ஒவ்வொரு சேம்பரையும் தேய்த்தால் போய்விடும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும், இடது கட்டைவிரல் அங்கே போகவே கூடாது.

எந்தத் துப்பாக்கியானாலும் ரேஞ்சில் ‘பொத்’ என்று மந்தமான சத்தம் கேட்டு உதைப்பும் குறைந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். ட்ரிக்கர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருந்து, பிறகு தோட்டாவை எடுங்கள்.

தோட்டா விஷயத்தில், 9 மி.மீ. பயிற்சிக்கு 115 அல்லது 124 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) முழு உறைக் குண்டு, அதாவது ஈயத்தின் மேல் உலோக உறை மூடிய குண்டு போதும். குளோக்கின் பலகோணக் குழலில் உறையில்லாத ஈயக் குண்டு போடாதீர்கள், ஈயம் படிந்து அழுத்தம் ஏறும். வீட்டுக்கு 124 அல்லது 147 கிரெய்ன் ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழியுள்ள குண்டு. தேர்ந்தெடுத்த வகையில் குறைந்தது நூறாவது சுட்டு, ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று பார்த்த பிறகே வீட்டில் நிரப்புங்கள். பெட்டகத்தில் வைக்கும் தோட்டாவையே திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றி இறக்கினால் குண்டு கேஸுக்குள் அழுந்தும். தோட்டா குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும்.

9 மி.மீ., .38, .357 எல்லாமே ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவரைத் துளைத்துப் போகும், ஹாலோ பாயின்டும் இதற்கு விலக்கல்ல. மகன் படுக்கும் அறை எந்தச் சுவருக்குப் பின்னால் என்று கணக்கிட்டு, எந்தத் திசையில் ஒருபோதும் சுடக்கூடாது என்று இருவரும் பகலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பெட்டகத்துக்குள் ஒரு டார்ச்சும் இருக்கட்டும். இருட்டில் நிற்பது யார் என்று பார்க்க டார்ச், துப்பாக்கியோடு பொருத்திய விளக்கு அல்ல. அடைத்த அறையில் 9 மி.மீ., .38 இரண்டின் சத்தமும் 160 டெசிபலை ஒட்டி இருக்கும். காது கெடத் தொடங்குவது 140-இலேயே. .357 அதற்கும் மேலே போகும், கண்ணைக் கூசவைக்கும் தீப்பிழம்பும் வரும். ரிவால்வருக்கு .38 என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

686-ஐப் பயன்படுத்தியதாக வாங்க நேர்ந்தால் ஒரு சோதனை கட்டாயம். காலி என்று உறுதி செய்து, சிலிண்டரில் ஒரு விரலை லேசாக உரசவிட்டபடி ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் பின்னே நிலைகொள்ளும் முன் சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு சேம்பருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு சேம்பரில் பூட்டத் தாமதித்தாலும் சேம்பரும் குழலும் நேர்கோட்டில் வராமல் குண்டின் ஈயம் செதுக்கப்பட்டுப் பக்கத்தில் தெறிக்கும். துப்பாக்கி மெக்கானிக் கைவைக்காமல் அதை வாங்காதீர்கள்.