கணினிக் கேள்வி–பதில்: சர்வரில் கோப்புகளும் கோப்புறைகளும்

கேள்வி: என் இணையதளத்தின் வழியாகப் படங்களைப் பதிவேற்ற முயன்றபோது, கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது. நண்பர் ஒருவர் சொன்னபடி அனுமதியை 777 என்று மாற்றினேன், சிக்கல் தீர்ந்தது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடக் கூடாது. லினக்ஸ் சர்வரில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. இவற்றில் அடங்காத பயனர்கள் மூன்றாம் வகையினர். நீங்கள் இட்ட மூன்று இலக்கங்களும் முறையே இம்மூவருக்கும் உரியவை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டினால் 7 வரும். ஆகவே, அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யாரும், அங்கே இயங்கும் எந்த நிரலும், உங்கள் கோப்புறையை எட்ட முடிந்தால், அதில் எழுதவும் அதில் உள்ளதை அழிக்கவும் நீங்களே வழிவிட்டிருக்கிறீர்கள். உலாவி வழியாக வரும் பார்வையாளர் நேரடியாக அங்கே எழுதிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் தளத்தின் நிரலில் ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியே நுழைபவருக்கு இந்த அனுமதி பெரிய வசதியாகிவிடும்.

சிக்கலின் வேர் பெரும்பாலும் உரிமையாளர் யார் என்பதில்தான் இருக்கிறது. கோப்புறையை நீங்கள் எஸ்எஃப்டிபி (கோப்புகளைச் சர்வருக்குப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) வழியாக உங்கள் பயனர் பெயரில் உருவாக்கியிருப்பீர்கள்; தளத்தை இயக்கும் பிஎச்பி நிரலோ வேறொரு பயனர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில், இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி சர்வர் மென்பொருளை நிறுவினால், மாற்றாத வரையில், அது ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா’ (www-data) என்ற தனிப் பயனர் பெயரில்தான் இயங்கும். சர்வர் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், படங்கள் சேரும் அந்த ஒரு கோப்புறையின் குழுவை மட்டும் அந்தப் பயனரின் குழுவாக மாற்றி, அதற்கு 775 அனுமதி கொடுங்கள். ஏனைய கோப்புறைகள் 755 என்றும் கோப்புகள் 644 என்றும் இருக்கட்டும். கோப்புறைக்கு இயக்கும் அனுமதி இல்லையென்றால் உள்ளே நுழையவே முடியாது; அதனால்தான் அதற்குக் கோப்பைவிடக் கூடுதல் எண். ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் பிஎச்பி உங்கள் கணக்கின் பெயரிலேயே ஓடுவதால் 755 போதும். போதவில்லை என்றால் சேவை தருபவரிடம் கேட்பதே முறை.

இன்னொன்றையும் சேர்த்தே செய்துவிடுங்கள்: பதிவேற்றக் கோப்புறைக்குள் பிஎச்பி கோப்புகள் இயங்காதபடி சர்வர் அமைப்பில் தடை போடுங்கள். படம் என்ற பெயரில் நிரலை ஏற்றிவிடுவது பழைய தந்திரம். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பை, இயன்றால், இணையத்திற்குத் திறந்திருக்கும் கோப்புறைக்கு வெளியே வைப்பது நல்லது.

கேள்வி: என் கணினியில் சரியாகத் தெரியும் படங்கள் சிலவற்றுக்குச் சர்வரில் 404 பிழை வருகிறது. பெயர்கள் சில ஆங்கிலத்திலும் சில தமிழிலும் உள்ளன.

பதில்: ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை முதலில் பாருங்கள். விண்டோஸ் அதைப் பொதுவாகப் பொருட்படுத்தாது. லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு கோப்புகளாகவே கொள்ளும்.

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘கோப்பு’ என்பதில் வரும் ஓகாரக் குறியை, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சர்வருக்கோ அவை இரு வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது என்பதால், அங்கிருந்து வந்த கோப்புகளில் இதைச் சந்தேகிக்கலாம். நீளமும் ஒரு தொல்லை: ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் பிடிக்கும், இணைய முகவரியில் குறியேற்றம் பெறும்போது 45 எழுத்துகளாக விரியும். பக்கத் தலைப்பைத் தமிழில் வைத்துக்கொண்டு, கோப்புப் பெயருக்குச் சிறிய ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் இடைக்கோட்டையும் மட்டும் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

கேள்வி: வட்டில் பாதி இடம் காலியாக உள்ளது, ஆனாலும் புதிய கோப்பைச் சேமிக்க முடியவில்லையே?

பதில்: ஐநோட், அதாவது கோப்பின் விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவு, தீர்ந்திருக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஓர் ஐநோட் தேவை. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 முறைமையில் அவற்றின் எண்ணிக்கை வட்டைத் தயார்செய்யும்போதே முடிவாகிவிடும். சேவை தருபவர்களும் கணக்குக்கு இவ்வளவு என்று வரம்பு வைப்பதுண்டு. ‘டிஎஃப்’ கட்டளையுடன் ‘-ஐ’ சேர்த்து (df -i) இயக்கினால் மீதி எவ்வளவு என்று தெரியும். தற்காலிக நகல்கள் சேரும் கேச் கோப்புறையையும், பார்வையாளர் வருகையைக் குறித்துவைக்கும் செஷன் கோப்புகளில் காலாவதியானவற்றையும் முதலில் பாருங்கள். பல்லாயிரம் சிறு கோப்புகள் சேர்வது பெரும்பாலும் அங்கேதான்.