செடிக்குப் போகும் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

மாடித்தோட்டத் தண்ணீரை வடிகட்டுவது பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம்.

போர் தண்ணீர்தான் தோட்டத்துக்கு. டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) மீட்டர் 1,200 காட்டுகிறது. பீன்ஸ் இலை ஓரம் கருகுகிறது, பைகளின் மேல்மண்ணில் வெள்ளை பூத்திருக்கிறது. சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வைக்கலாமா? – வாசகி, தாம்பரம்

செடிக்காக என்றால் வேண்டாம். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, ஆள் மாற்றி வைக்கிறது. உள்ளே இருக்கும் ரெசின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடுகிறது. கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது நல்லது. செடிக்கோ வேண்டிய கால்சியம் போய் வேண்டாத சோடியம் வந்து சேர்கிறது. மீட்டரில் எண் கிட்டத்தட்ட அப்படியேதான் நிற்கும். வீட்டில் ஏற்கெனவே சாஃப்ட்னர் இருந்தால், அதற்கு முன்னாலேயே ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டுத் தோட்டத்துக்குத் தனிக் குழாய் எடுத்துவிடுங்கள். மணல், கரி, நூல் சுற்றிய கார்ட்ரிட்ஜ் எல்லாம் மிதக்கிற அழுக்கைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பைத் தொடாது. குழாயில் காந்தம் கட்டுவதும் உப்பைக் குறைக்காது.

அடுத்து, மீட்டரின் எண்ணையே ஒருமுறை சந்தேகப்படுங்கள். அது அளப்பது மின்கடத்துத்திறனை, அதாவது இ.சி.யை. அதை ஒரு காரணியால் பெருக்கித்தான் டி.டி.எஸ். காட்டுகிறது. சில மீட்டர்களில் அந்தக் காரணி 0.5, சிலவற்றில் 0.64 அல்லது 0.7. பொத்தானை மாற்றி இ.சி.யை நேரடியாகப் பாருங்கள். 0.5 காரணி உள்ள மீட்டரில் 1,200 என்றால் இ.சி. 2.4 மில்லிசீமன்ஸ். (2,400 மைக்ரோசீமன்ஸ் என்று காட்டினாலும் அதுவேதான்.)

பீன்ஸ் இந்தத் தண்ணீரைத் தாங்காது. விளைச்சல் குறையாமல் இருக்கப் பாசனநீரின் இ.சி. பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் 0.7, வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கு 1.7 வரை போகலாம். காராமணி 3.3 வரை தாங்கும், பீட்ரூட் 2.7. கோடையில் பீன்ஸ் இருந்த இடத்தில் காராமணியை ஏற்றிவிடுவது எந்த ஃபில்டரையும் விட மலிவு.

பீன்ஸ்தான் வேண்டுமென்றால் மழைநீரைக் கலக்க வேண்டும். மழைநீரின் இ.சி. கிட்டத்தட்ட 0.05. போர் தண்ணீரும் மழைநீரும் சரிபாதி என்றால் சுமார் 1.2 வரும். ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு மழைநீர் என்றால் 0.65க்கு இறங்கும். 300 சதுர அடி தளத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் 550 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். முதல் 1 மி.மீ. மழை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அந்த அளவு தளத்துக்கு அது 28 லிட்டர். இறங்கும் குழாயில் டீ போட்டு, 4 இஞ்ச் பி.வி.சி. பைப்பை மூன்றரை மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிட்டு, அடியில் எண்ட் கேப் மாட்டி அதில் 3 மி.மீ. துளை போடுங்கள். அழுக்குத் தண்ணீர் அந்தப் பைப்பில் நிரம்பிய பிறகுதான் நல்ல தண்ணீர் பேரலுக்குத் திரும்பும். மழை நின்றதும் துளை வழியே பைப் தானாகக் காலியாகிவிடும். துளை அடைத்துக்கொண்டால் அடுத்த மழையின் அழுக்கு நேரே பேரலுக்குள் போகும். எனவே கேப்பை அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும்.

வெள்ளை பூத்த பைகளை இப்போதே சரிசெய்யலாம். தினம் கொஞ்சம் கொஞ்சமாக மேல்மண்ணை மட்டும் நனைத்தால், தண்ணீர் ஆவியாகி உப்பு அங்கேயே தங்கும். ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது அடித்துளை வழியாக வடியட்டும். வடிந்த தண்ணீரை ஒரு டப்பாவில் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றியதைப் போல மூன்று மடங்கு இ.சி. காட்டினால் உள்ளே உப்பு குவிந்திருக்கிறது, இன்னும் ஊற்ற வேண்டும். தென்னை நார்க்கழிவுக் கட்டியைச் சரியாக அலசாமல் போட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா? – வாசகர், அம்பத்தூர்

உள்ளே போகும் தண்ணீரைப் பொறுத்தது. நான்கு லிட்டர் போய் ஒரு லிட்டர் குடிநீராக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 300 டி.டி.எஸ். என்றால் வெளியேறுவது 390 போல இருக்கும், தாராளமாக விடலாம். உள்ளே போவது 1,200, குடிநீர் 100 என்றால் வெளியேறுவது 1,570 ஆகிறது. அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கென்றே ஆர்.ஓ. வைப்பது ஆர்க்கிட் போன்ற ஒன்றிரண்டு செடிகளுக்குத்தான் நியாயம்.

குளியலறைத் தண்ணீருக்குப் பேரலில் மணல், ஜல்லி, கரி போட்டு ஃபில்டர் வைத்தேன். ஒரே வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம். எங்கே தப்பு? – வாசகர், திருப்பூர்

உள்ளே காற்று இல்லை, அதுதான் தப்பு. சோப்பையும் உடம்பு அழுக்கையும் தின்று தீர்க்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். பேரல் எப்போதும் தண்ணீர் நிரம்பியே நின்றால் அவை செத்து, காற்றில்லாமல் வாழ்பவை பெருகி, தண்ணீரில் உள்ள சல்பேட்டிலிருந்து அந்த நாற்ற வாயுவை உண்டாக்கும். குடிநீருக்கான மணல் வடிகட்டியில் மணல் எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்துக் குளியல் தண்ணீருக்கும் வெளிக்குழாயை உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். இங்கே வேண்டியது நேர்மாறு: தண்ணீர் வந்து, வடிந்து, மணல் மூச்சுவிட வேண்டும்.

திரும்பக் கட்டும்போது இப்படிச் செய்யுங்கள். 200 லிட்டர் நீலப் பேரல். அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் 1 இஞ்ச் டேங்க் கனெக்டர். அதிலிருந்து உள்பக்கமாக 4 மி.மீ. துளைகள் போட்ட 1 இஞ்ச் பி.வி.சி. பைப், முனையில் எண்ட் கேப். துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி 15 செ.மீ., பேபி சிப்ஸ் (பொடி ஜல்லி) 10 செ.மீ., பருமணல் 40 செ.மீ. மேலே 20 செ.மீ. காலி. வெளிக்குழாயில் வால்வு வேண்டாம், எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

மணலைக் கழுவுவதில்தான் பெரும்பாலானோர் சோம்பல் படுகிறார்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் தெளிவாகத் தெரியும்வரை கழுவ வேண்டும். எம்-சாண்டில் மாவு அதிகம், சலிக்காமல் போட்டால் சில நாளில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

பேரலுக்கு முன்னால் ஒரு 50 லிட்டர் டப்பா அவசியம். அதன் வெளிக்குழாயில் ஒரு டீயை நிமிர்த்தி மாட்டி, கீழ்க்காலை நீட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். மிதக்கும் சோப்பு நுரையும் எண்ணெயும் டப்பாவிலேயே நின்றுவிடும், முடி அடியில் தங்கும். பேரல் வாயில் ஒரு வலைக்கூடையில் தேங்காய் நார் வைத்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மேல்மணலில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் மேலே 3 செ.மீ. மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போட்டால் போதும். கரி நிறத்தையும் வாடையையும் சில வாரங்களுக்குக் குறைக்கும். பிறகு மாற்றியாக வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டாலும் குறையில்லை.

வடிந்த தண்ணீரை அன்றன்றே மண்ணில் விடுங்கள், ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். வாழை, கல்வாழை, பப்பாளி, தென்னை இவற்றுக்குச் சரி. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட்டுக்குக் கூடாது. வாஷிங் மெஷினின் முதல் தண்ணீரில் சோடியம் அதிகம், அதைச் சேர்க்காதீர்கள். கடைசி அலசல் பரவாயில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை. கார்பன் ஃபில்டர் வாங்க வேண்டுமா? – வாசகி, சேலம்

வேண்டாம். அந்த அளவு செடியை ஒன்றும் செய்யாது. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர் உள்ள உரங்களைக் கலக்கும்போதுதான் பிரச்சினை, குளோரின் அதில் உள்ள உயிரிகளைக் கொன்றுவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்த தண்ணீரில் கலக்குங்கள்.

ஃபில்டர் போட்டும் டிரிப்பர் அடைக்கிறது. உள்ளே செம்மண் நிறத்தில் குழகுழவென்று இருக்கிறது. – வாசகர், பெரியகுளம்

மண் அல்ல, இரும்பு. போரிலிருந்து வரும்போது கரைந்த நிலையில் இருப்பதால் 120 மெஷ் டிஸ்க் ஃபில்டரைத் தாண்டிப் போகிறது. டிரிப்பரில் காற்றுப் பட்டதும் துருவாகிறது. உறுதிசெய்ய, புதிதாக இறைத்த தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து சில மணி நேரத்தில் பழுப்பானால் இரும்புதான்.

அந்தத் துரு ஃபில்டருக்கு முன்னாலேயே உண்டாகட்டும். 2 மி.மீ. துளைகள் போட்ட பைப் வழியாக ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரைப் பேரலுக்குள் ஷவர் மாதிரி விழவிட்டு, ஒரு ராத்திரி தெளியவிடுங்கள். அடியிலிருந்து 15 செ.மீ. மேலே குழாய் எடுத்து, பிறகு டிஸ்க் ஃபில்டர். பேரல் கறுப்பாக இருந்தால் பாசி பிடிக்காது.

புதுத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து கொடுத்தும் மாறவில்லை. தண்ணீரின் பி.எச். 8.2. – வாசகி, கோவை

தண்ணீரில் உள்ள பைகார்பனேட் மண்ணின் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. அங்கே சாதாரண இ.டி.டி.ஏ. வகை இரும்பு உரம் நிலைக்காது, இ.டி.டி.எச்.ஏ. வகை நிலைக்கும். தண்ணீரையும் திருத்துங்கள். காரத்தன்மை லிட்டருக்கு 300 மி.கி. அளவில் இருந்தால் 10 லிட்டருக்குச் சுமார் 3 கிராம் சிட்ரிக் ஆசிட் பிடிக்கும். உங்கள் தண்ணீருக்கு எவ்வளவு என்பதை ஒரு வாளியில் பாருங்கள்: ஒவ்வொரு கிராமாகப் போட்டுக் கலக்கி, கால் மணி நேரம் விட்டு, பி.எச். தாளில் 6 முதல் 6.5க்குள் வந்ததும் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். அன்றன்று கலந்து அன்றே ஊற்றிவிடுங்கள், வைத்திருந்தால் நுண்ணுயிரிகள் சிட்ரிக் ஆசிட்டைத் தின்று பி.எச். மறுபடி ஏறும். மஞ்சளான பழைய இலைகள் பெரிதாகத் தேறாது, அடுத்து வரும் தளிரின் நிறத்தைப் பாருங்கள்.