துத்தநாக அயனியை எம்.ஆர்.ஐ. படத்தில் காண்பது எப்படி?

உடலில் துத்தநாகம் வெளியாவதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. மாறுபாட்டு மருந்தை (படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்க உடலில் செலுத்தும் மருந்தை) எப்படி வடிவமைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு காந்தம்போல் செயல்படும் இணை சேராத எலக்ட்ரான் எதுவும் துத்தநாக அயனியில் இல்லாததால் அது எம்.ஆர்.ஐ. படத்தில் தானாகத் தென்படாது. அத்தகைய எலக்ட்ரான்கள் 7 கொண்ட காடோலினியம் என்ற உலோகத்தின் துணை வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் வேதியியலாளர் டீன் ஷெரி குழுவினர் உருவாக்கிய சேர்மம் நல்ல எடுத்துக்காட்டு. காடோலினியத்தை இறுகப் பிடித்திருக்கும் வளையத்திலிருந்து, பிரிடின் என்ற வளைய அமைப்பின் நைட்ரஜன்கள் கொண்ட இரண்டு கைகள் நீள்கின்றன. அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பொருட்படுத்தாமல் துத்தநாகத்தைப் பற்றுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பற்றுவதால் மட்டும் படம் பெரிதாக வெளுத்துவிடுவதில்லை. துத்தநாகத்தைப் பிடித்த மூலக்கூறு இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சுமார் 66,000 டால்டன் எடையுள்ள அந்தப் புரதத்தோடு சேர்ந்து மெதுவாகச் சுழலத் தொடங்கிய பிறகுதான், அருகிலுள்ள நீரின் புரோட்டான்களைத் தளர்வுறச் செய்யும் (அதாவது, தூண்டப்பட்ட அவற்றை விரைவில் பழைய நிலைக்குத் திருப்பிப் படத்தை வெளுக்கச் செய்யும்) அதன் திறன் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்கிறது. சுண்டெலிகளுக்குக் குளுக்கோஸ் செலுத்தியபோது, கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினுடன் வெளிவிட்ட துத்தநாகம் இவ்வாறே பளிச்செனத் தெரிந்தது.

என் பார்வையில் மிகக் கடினமானது பற்றுவலிமையைத் தீர்மானிப்பதே: அது கூடினால், வழக்கமாகவே உடல் திரவத்தில் இருக்கும் துத்தநாகத்தைப் பிடித்துப் பின்னணி முழுவதும் வெளுத்துவிடும், குறைந்தால், புதிதாக வெளியாகும் அயனிகள் கைநழுவிவிடும்.