வெனிஸ்ல 'அக்வா ஆல்டா'னு சொல்றாங்களே, அது என்ன? டூர் போறவங்க பயப்படணுமா?

அக்வா ஆல்டானா கடல் ஏறி வெனிஸ் தெருவுல தண்ணி நிக்கறது. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி கடல் ஏறுற நேரத்துல தெக்க இருந்து சிரோக்கோ காத்தும் சேர்ந்து அடிச்சா ஏட்ரியாட்டிக் கடல் தண்ணி வெனிஸ் இருக்கற வடக்கு மூலைக்கு ஒதுங்கும், தொட்டித் தண்ணிய கையால ஒரு பக்கமா தள்ளுனா அந்த ஓரம் வழியும்ல, அதேதான். அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் சான்ஸ் ஜாஸ்தி. ரொம்ப தாழ்வான சான் மார்க்கோ சதுக்கம்தான் மொதல்ல நனையும், அங்க ரூம் போடறவங்க யோசிச்சுக்கோங்க (வாடகையும் கொள்ளை). 2019 நவம்பர்ல கடல் மட்டம் 187 செ.மீ. ஏறுச்சு (தெருவுல நின்ன தண்ணி ஆழம் இல்ல), 2020 அக்டோபர்ல மோசேனு கடல் தண்ணி உள்ள வர்ற வழியில போட்ட தடுப்புக் கதவு வேலை செய்ய ஆரம்பிச்சதுல இருந்து பெரிய ஏத்தம் பெரும்பாலும் உள்ள வர்றதில்ல, ஆனா சின்ன ஏத்தத்துக்கெல்லாம் கதவ தூக்க மாட்டாங்க.

நிறைய பேர் நெனைக்கற மாதிரி ஊரு நாள்கணக்கா மூழ்கி கெடக்காதுங்க, சில மணி நேரத்துல கடல் எறங்குனா தண்ணியும் வடிஞ்சிடும்.