நிலத்தடிக் கசிவை அடைக்கும் நுண்ணுயிரி: மகள் எதைப் படிக்கலாம்?

அன்புள்ள அம்மையாருக்கு, வணக்கம்.

பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்திருக்கும் உங்கள் மகள், நிலத்தடியில் சேமிக்கப்படும் கரியமில வாயு கசிந்தால் அதை நுண்ணுயிரிகள் எவ்வாறு அடைக்கும் என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கும் ஆய்வுக்கே போவேன் என்று உறுதியாக நிற்பதாகவும், கிருமி வளர்ப்பவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்பெயரில் ஓர் இளங்கலைப் பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பல துறைகள் கூடும் முதுநிலை ஆய்வு. அதற்கு வழிவிடும் அடிப்படைப் படிப்புகளோ இங்கேயே இருக்கின்றன.

மகள் எதைக் கண்டு மயங்கினாள் என்று நீங்களும் அறிந்துகொள்வது நல்லது. எரிவாயு வயல்களிலும் ஆலைகளிலும் பிரித்தெடுக்கப்படும் கரியமில வாயுவை அழுத்தி, பெரும்பாலும் 800 மீட்டருக்கும் கீழே உள்ள நுண்துளைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். நோர்வே தன் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் இதைச் செய்து வருகிறது. மேலே மூடியாக அமைந்த பாறையில் விரிசலோ, பழைய எண்ணெய், எரிவாயுக் கிணற்றின் சிமெண்டில் இடைவெளியோ இருந்தால் வாயு மேலேறக்கூடும். சிமெண்டுக் கூழ் நுழைய முடியாத மெல்லிய விரிசலுக்குள் தண்ணீர் நுழையும், தண்ணீரோடு பாக்டீரியாவும் நுழையும். ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்னும் மண் பாக்டீரியாவின் நொதி யூரியாவை உடைக்கும்போது உண்டாகும் கார்பனேட், உடன் செலுத்தப்படும் கால்சியத்தோடு சேர்ந்து கால்சைட் என்னும் கனிமமாகப் படிகிறது. யூரியா என்றால் கெடாவின் குருன் ஆலையில் தயாராகும் அதே உரம்தான். கால்சைட் என்பது பத்துமலைச் சுண்ணாம்புப் பாறையின் முதன்மைக் கனிமம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2014-இல், ஏறத்தாழ 340 மீட்டர் ஆழத்தில், மணற்பாறை விரிசல் ஒன்றை இம்முறையில் அடைத்துக் காட்டினார்கள்; அதற்குக் கால்சியக் கரைசலை 24 முறையும் பாக்டீரியாவை 6 முறையும் இறக்கினார்கள்.

கணினியின் தேவை இங்கேதான் எழுகிறது. பாக்டீரியா, யூரியா, கால்சியம் மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால், கசிவு இருக்கும் இடத்தை எட்டுவதற்கு முன்பே கிணற்றின் வாயருகில் படிவு உண்டாகி வழி அடைபட்டுவிடும். ஆகவே முதலில் பாக்டீரியாவைச் செலுத்தி, அது பாறையில் ஒட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து, பின்னர் உணவையும் யூரியாவையும் கால்சியத்தையும் உரிய வேகத்தில் அனுப்பி, ஓட்டத்தை நிறுத்திப் படியவிட வேண்டும். எதை எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொரு கிணற்றிலும் சோதித்துப் பார்க்கச் செலவு கட்டாது. பாறையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, நீரோட்டம், பாக்டீரியா வளர்ச்சியும் இறப்பும், வேதிவினை, துளை சுருங்குவதால் ஊடுருவுதிறன் (திரவத்தையும் வாயுவையும் பாறை தன்னூடே விடும் திறன்) குறைவது ஆகிய அனைத்துக்கும் சமன்பாடு எழுதி ஒருசேரத் தீர்க்கிறார்கள். கரியமில வாயு கரைந்த நீர் அமிலத்தன்மை உடையது என்பதால், படிந்த கால்சைட் மீண்டும் கரையுமா என்பதையும், யூரியா உடைவதால் எஞ்சும் அம்மோனியம் எங்கே போகும் என்பதையும் பார்த்தாக வேண்டும். ஆக, உங்கள் மகள் கிருமி வளர்க்கப் போவதில்லை. பெரும்பாலான நேரம் கணிதத்தோடும் நிரலோடும்தான் மல்லுக்கட்டப் போகிறாள். அது அவளுக்குத் தெரியுமா என்பதே என் ஐயம்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நுண்ணுயிரி அடைப்புக்கென்றே ஆள் கேட்கும் விளம்பரத்தை எதிர்பார்த்து இருக்கலாகாது. ஆனால் பாறைக்குள் திரவமும் வாயுவும் ஓடுவதைக் கணிக்கத் தெரிந்தவருக்கு எண்ணெய் வயல், நிலத்தடி நீர், மாசு பரவல் ஆகிய பல பக்கங்களிலும் வேலை உண்டு. சரவாக் கடலில், நம் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாசின் கசாவாரி திட்டம் ஆண்டுக்கு 33 லட்சம் டன் கரியமில வாயுவைச் சேமிக்கத் திட்டமிடப்பட்டது. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் கரிமச் சேமிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜூனில், பணியாளர்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாகப் பெட்ரோனாஸ் அறிவித்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நிறுவனத்தை நம்பிப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மைண்டன் வளாகத்துக் கணிதம், நிபோங் தெபால் வளாகத்து வேதிப் பொறியியல், மலாயாப் பல்கலைக்கழகத்து நிலவியல் (பாறைகளைப் பற்றிய படிப்பு) ஆகிய மூன்றில் எதுவும் பொருந்தும். ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தின் பெட்ரோலியப் பொறியியலும் நேர் வழிதான். ஆனால் அது தனியார் என்பதால் கட்டணத்தைக் கணக்கிட்டுவிட்டு இறங்குங்கள். பொறியியலானால், பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரம் அப்பட்டத்துக்கு உண்டா என்று பாருங்கள்; பின்னாளில் பொறியாளராகப் பதிந்துகொள்ள அது தேவைப்படும். எஸ்.டி.பி.எம்.மில் அவள் உயிரியலை எடுத்து இயற்பியலை விட்டிருந்தால் சில கதவுகள் மூடியிருக்கும்; நுழைவுத் தகுதியை ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே படித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், கணிதத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால் வேதிப் பொறியியலை முதலில் வைப்பேன். ஓட்டமும் வினையும் ஒரே பாடத்திட்டத்தில் வருவதோடு, மனம் மாறினாலும் பிறை தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. வெறும் நுண்ணுயிரியலை மட்டும் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வு முடிவு வருவதற்குள் அவளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் டியூமக்ஸ், நோர்வேயில் உருவான எம்.ஆர்.எஸ்.டி. ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இவ்வாய்வுக்கு அவற்றையும் பயன்படுத்துகிறார்கள். உடனே அவை புரியாது. முதலில் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்று, ஒரு குழாயில் சாயம் பரவுவதைக் கணிக்கும் சிறு நிரலைத் தானாக எழுதட்டும். மூன்று வாரம் அதில் உட்கார முடிந்தால், விருப்பத்தை நம்பலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தை நிரப்பும் முன் மதிப்பெண் பட்டியலோடும் அந்த நிரலோடும் அவளை அழைத்து வாருங்கள்; எந்தப் படிப்பை முதலில் வைப்பது என்னும் வரிசையை மூவரும் உட்கார்ந்து முடிவு செய்வோம்.