டர்போ பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். மேட்டில் நாலாவது கியரிலேயே மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போலச் சத்தம். ஆபத்தா?

பதில்: நாக்கிங்தான் அது. பொறி விழுந்ததும் தீ சீராகப் பரவ வேண்டும். டர்போ திணிக்கும் அழுத்தத்திலும் சூட்டிலும், தீ வந்து சேருமுன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடிக்கிறது. எப்போதாவது ஒரு நொடி என்றால், அந்த அதிர்வை உணரும் நாக் சென்சார் பொறியைத் தள்ளிப்போட்டுச் சமாளித்துவிடும். தினமும் கேட்டால் விடாதீர்கள். இப்போதைக்கு மூன்றாவது கியருக்கு இறக்கி ஓட்டுங்கள்.

கேள்வி: பிளக் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். கரியா?

பதில்: வெயிலில் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் கரியாக இருக்கலாம். ஆனால் நடுநடுவே வெள்ளி போல மின்னும் குட்டி உருண்டைகள் தெரிந்தால், அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம்! அப்புறம் வண்டியை எடுக்காதீர்கள். பிளக் துளை வழியாக போரோஸ்கோப் கேமராவை விட்டு, பிஸ்டன் தலையின் ஓரத்தைப் பாருங்கள். மணல் பீய்ச்சியடித்தது போலப் பொடிப்பொடியாகக் குழிந்திருந்தால் நாக்கிங். நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் பெரும்பாலும் ப்ரீ-இக்னிஷன். பழுக்கச் சூடான பிளக் முனையோ கரித்துண்டோ, பொறிக்கு முன்பே தீ வைத்திருக்கும். நாக்கிங்கை வளரவிட்டால், சூடு ஏறி ப்ரீ-இக்னிஷனில் கொண்டு போய் விடும்.

கேள்வி: ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (அமுக்க அழுத்தம்) குறைவு. ஹெட் கேஸ்கெட் மாற்றச் சொல்கிறார்கள், சார்.

பதில்: பொறுங்கள், கேஸ்கெட் என்பது சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு; கசிவு அங்கேதானா என்று பார்க்க முதலில் லீக்-டவுன் டெஸ்ட். அந்த பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் மூடிய நிலையில் காற்றை ஏற்றி, காது கொடுங்கள். சைலன்சரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கூலன்ட்டில் குமிழி வந்தால் கேஸ்கெட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்கலாம். ஆயில் மூடி வழியாகக் காற்று பலமாக வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் கோளாறு. நாக்கிங் அடி வாங்கிய டர்போ இன்ஜின் என்றால், இரண்டு ரிங்குகளுக்கு இடையிலுள்ள பிஸ்டன் பகுதியான ரிங் லேண்ட் உடைந்திருக்கும் என்றே முதலில் நினைப்பேன். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டி ஒன்று, அதே புகையோடு என்னிடம் வந்தது. பாவம், அவருக்கு இரட்டைச் செலவு. இன்ஜினைப் பிரித்தால் கனெக்டிங் ராடின் மேல்பாதி பேரிங்கையும் பாருங்கள்; அடி நேராக இறங்குவது அங்கேதான்.

கேள்வி: ஆயிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதிக்கும்போது ஆயில் துளிகளே தீப்பிடிக்கக் காரணமாகலாம். அதைத் தடுக்க வந்ததுதான் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) ஆயில் தரமான எஸ்என் பிளஸ் (2018), அடுத்து எஸ்பி (2020). டப்பாவில் எஸ்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: புது பிஸ்டன் போட்டால் போதுமா?

பதில்: போதாது, தம்பி. காரணம் கிடைக்காமல் இன்ஜினைப் பூட்டவே கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் அடிபட்டிருந்தால் அந்த இன்ஜெக்டரைச் சோதிக்கக் கொடுங்கள். எல்லாமே என்றால் பெட்ரோல், இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது), ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) மூன்றையும் பாருங்கள். 95 ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) ரீமேப் செய்துவிட்டு 91 ஊற்றியிருந்தால், பழைய மேப்பை ஏற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.